பிடோக்கில் தொடங்குங்கள்

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் எழுதி வைக்காத ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கினால் அவர்களை நாலு இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு முதலில் அப்பாவிடம் இருந்தது. பிறகு அண்ணனிடம் போனது. இப்போது, பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, தீவின் கிழக்கே பிடோக் நார்த்தில் குடியிருக்கும் என்னிடம் வந்திருக்கிறது. எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த இடத்தைக் காட்டினோம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த நகரத்தின் வரலாற்றில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி பிடோக்கில் இருக்கிறது. அதைத்தான் யாரும் யாருக்கும் காட்டுவதில்லை.

அப்பா சாங்கியில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். வீடு சாய் சீ கம்போங்கில், அத்தாப்புக் கூரையின் கீழ். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வருபவர்கள் 'ரஜூலா'வில் வருவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் ஓடிய கப்பல் அது. 1970களின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்ந்தபின் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனதோடு, நம் தாத்தா பாட்டிகள் அறிந்த கப்பல் பயணம் முடிந்துபோனது.

கப்பலில் வந்தவர்களுக்கு அவசரம் இருந்ததில்லை. மாதக்கணக்கில் தங்குவார்கள். முதலில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன், பெருமாள் கோயில். சாமி கும்பிட்ட பிறகுதான் ஊர் சுற்றல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டானிக் பூங்கா. இன்னொரு ஞாயிறு, புலித் தைலம் விற்றுப் பணக்காரரான ஆவ் பூன் ஹாவ் 1937இல் கட்டிய டைகர் பாம் கார்டன். இன்று அதற்கு ஹாவ் பார் வில்லா என்று பெயர். அங்கே நரகத்தின் பத்து மன்றங்களைச் சிலைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நாக்கை அறுப்பதும் வயிற்றைக் கிழிப்பதுமாக ரத்தச் சிவப்பு. எங்கள் பெரியம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "இங்கயும் எமலோகம் இருக்கா" என்று கேட்டார். ஃபோர்ட் கேனிங் குன்றடியில் 1955இல் திறந்த வான் கிளீஃப் மீன்காட்சியகம் பிள்ளைகளுக்காக. இரவில் ஜாலான் புசாரில் நியூ வோர்ல்ட். ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் 1923இல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினம், நாடகம், குத்துச்சண்டை எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். அந்த இடத்தில் இப்போது சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது.

அந்த நாளில் சுற்றிக் காட்டப்பட்டவை தானாக அமைந்த இடங்கள். ஒரு வணிகர் தன் பெருமைக்கும் பக்திக்கும் கட்டியிருப்பார், அல்லது வெள்ளைக்காரன் செடி ஆராய வைத்திருப்பான். சுற்றுலாப் பயணியை மனத்தில் வைத்து அரசாங்கமே இடங்களை உண்டாக்கத் தொடங்கியது 1964இல் சுற்றுப்பயண வளர்ச்சிக் கழகம் அமைந்த பிறகு. 1971இல் ஜூரோங் பறவைப் பூங்கா, 1972இல் ஆற்றின் வாயில் மெர்லயன், 1973இல் விலங்குத் தோட்டம், 1974இல் கேபிள் கார் என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. பிளாக்காங் மாத்தி என்ற பழைய ராணுவத் தீவு செந்தோசா ஆனதும் இதே கட்டத்தில்தான். அப்பாவின் பட்டியல் நாலே ஆண்டில் பழசாகிவிட்டது.

பிறகு சினிமா வந்தது. 1978இல் 'பிரியா', 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்'. இரண்டு படங்களும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. அதுவரை நாங்கள் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், அந்தப் படங்களுக்குப் பிறகு இதைக் காட்டு, அதைக் காட்டு என்று கேட்கத் தொடங்கினார்கள். ரஜினி நின்ற இடம் எது, கமல் பாடிய இடம் எது என்று கேட்டு அண்ணனைத் துளைத்தெடுத்தார்கள். இன்று வருகிறவர்கள் பட்டியலைக் கைபேசியிலேயே கொண்டுவருகிறார்கள். மரீனா பே சாண்ட்ஸ், கரையோரப் பூந்தோட்டம், ஜுவல் அருவி, நள்ளிரவில் முஸ்தஃபா கடை. ஐந்து நாளில் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அப்படி வந்த என் அண்ணன் மகன்தான் ஒருநாள் கேட்டான்: "ஏன் அத்தை, நீங்க இருக்கிற பக்கம் பார்க்க ஒண்ணுமே இல்லையா?"

அவனை மேல் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். பிடோக் கார்னர் என்று நாங்கள் சொல்லும் உணவங்காடிக்கு எதிரே நிறுத்தி, "இப்ப நீ நிக்கிறது கடற்கரை" என்றேன். சுற்றிலும் பார்த்தான். வீடுகள், கார்கள், மரங்கள். கடலைக் காணோம். இன்று அங்கிருந்து கடலுக்கு நடக்கக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் சிறுமியாக இருந்தபோது அந்த ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டி மணல், மணலை ஒட்டி அலை. கடலுக்குள் மரக்கம்புகளை நட்டு மீன்பிடிக்கும் கெலோங் தெரியும். கடலைப் பார்த்தபடி பிடோக் ரெஸ்ட் ஹவுஸ் இருந்தது. இப்போது பல கிளைகளோடு பெரிய பெயர் எடுத்திருக்கும் லாங் பீச் கடலுணவுக் கடை அங்கேதான் ஆரம்பத்தில் நடந்தது. செர் யாம் தியான் என்ற அம்மாள் 1950களின் நடுவில் காலாங் ஆற்றோரம் கணவரோடு தள்ளுவண்டியில் மிளகாய் நண்டு விற்றவர். பிறகு பாம் பீச் என்று அவர்கள் உணவகம் திறந்ததும் இந்த மேல் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில்தான். இன்று ஒவ்வொரு சுற்றுலா விளம்பரத்திலும் மிளகாய் நண்டு இருக்கிறது. அதை வளர்த்தெடுத்த கடற்கரைதான் இல்லை.

கடல் எங்கே போனது? 1963இல் பிடோக் கரையில் முன்னோட்டமாகக் கொஞ்சம் கடலைத் தூர்த்துப் பார்த்தார்கள். சரியாக வந்தது. 1966இல் கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் திட்டம் முழுவீச்சில் தொடங்கியது. ஏழு கட்டங்களாக 1980களின் நடுப்பகுதி வரை நடந்து 1,525 ஹெக்டர் புது நிலம் கிடைத்தது. அத்தனை மண்ணுக்கு எங்கே போவது? பிடோக், சிக்லாப் குன்றுகளைத்தான் முதலில் வெட்டினார்கள்.

குன்றை வெட்டிய எந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். திருவிழா ராட்டினத்தைப் போலப் பெரிய சக்கரம். ஆள் உட்காரும் தொட்டிக்குப் பதில் பல் வைத்த இரும்புத் தொட்டிகள். சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு தொட்டியும் குன்றின் முகத்தைச் சுரண்டி மண்ணை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும். கொட்டிய மண் நீண்ட கன்வேயர் பெல்ட்டில் ஏறி, கம்போங் பக்கமாக, சாலைகளைத் தாண்டிக் கடற்கரை வரை போகும். அங்கே அதை வாங்கிக் கடலில் பரப்ப வேறு எந்திரம். லாரிகளில் ஏற்றிப் போயிருந்தால் ஊர்ச் சாலைகள் தாங்கியிருக்காது. அதனால்தான் பெல்ட். இரவிலும் அந்த உறுமல் கேட்கும். காற்று வீசினால் செம்மண் தூசி கொடியில் காயும் துணிகளில் அப்பும். அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையை வீட்டுக்குள்தான் காயப்போடுவார். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது மேட்டில் நின்று பார்ப்போம். முந்தின வாரம் இருந்த உச்சி இந்த வாரம் இருக்காது.

குன்று போன இடத்தில் நிலம் தட்டையானது. 1970களில் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எழுந்து பிடோக் நகரம் பிறந்தது. கம்போங் மக்கள் அதில் குடியேறினார்கள், எங்கள் குடும்பமும்தான். மண்ணெண்ணெய் விளக்கை அணைத்துவிட்டு அம்மா முதல் முறை சுவிட்சைத் தட்டிய மாலை எனக்கு மறக்காது. அதேசமயம் கெலோங்காரர்களும் கடலோர மலாய் மீனவர்களும் தொழிலை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போனார்கள். அந்த இழப்பையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை நேர்மையாக இருக்காது. மணல் வெட்டியெடுத்த பெரும் பள்ளம் ஒன்று மிஞ்சியது. அதை வீணாக்காமல் மழைநீர் தேக்கும் ஏரியாக்கி 1986இல் முடித்தார்கள். அடுக்குமாடிப் பகுதிகளின் மழைநீர்க் கால்வாய்களிலிருந்து திரட்டிய நீர் அதில் சேர்ந்து, சுத்திகரித்துக் குடிநீராகிறது. அதுதான் பிடோக் நீர்த்தேக்கம். காலையில் பெரியவர்கள் கரையில் நடக்கிறார்கள், பிள்ளைகள் படகு வலிக்கிறார்கள். இந்த நீருக்கு அடியில் மண் எடுத்த பள்ளம் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மண்ணைத் தோண்டினால் மண் மட்டுமே வரும் என்பதில்லை. 1962இல் சிக்லாப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், சீன ஆண்களை வரவழைத்து நிறுத்தி, பொறுக்கியெடுத்து, லாரிகளில் ஏற்றிக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்து சுட்டுக் கொன்ற இடங்களில் ஒன்று அது. அந்தக் கண்டுபிடிப்பு நாட்டையே உலுக்கியது. தீவின் பல இடங்களில் தோண்டியெடுத்த எச்சங்களைத் தாழிகளில் சேர்த்துப் புதைத்து, அவற்றின் மேல் எழுப்பியதுதான் பீச் ரோட்டில் நாலு வெண்தூண்களாக 200 அடிக்கு மேல் நிற்கும் போர் நினைவுச் சின்னம். 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் யூ அதைத் திறந்துவைத்தார். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலு இனத்துக்கு நாலு தூண். பயணிகள் பேருந்திலிருந்தபடியே படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது வெறும் கோபுரமல்ல, கல்லறை. அதன் தொடக்கம் எங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கு. நினைவுச் சின்னத்தருகே இறங்காமல் போகக் கூடாது என்று நான் உறவினர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

குன்றை வெட்டிக் கடலைத் தூர்ப்பது பிடோக்கில் புதிதாக வந்த யோசனையும் இல்லை. 1822இலேயே ராஃபிள்ஸ் அதைச் செய்தார். இன்றைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நிலையம் இருக்கும் இடத்தில் அன்று ஒரு சிறு குன்று. அதைக் கரைத்து ஆற்றங்கரைச் சதுப்பில் கொட்டினார்கள். போட் கீ அப்படி வந்தது. மண் சுமந்த கூலிகளில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் இருந்தார்கள். 1879இல் வாலிச் குன்றை வெட்டித் தெலுக் ஆயர் விரிகுடாவை நிரப்பத் தொடங்கினார்கள். தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முஸ்லிம் வணிகர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொல்லக் கடலைப் பார்த்துக் கட்டியது. இப்போது அதன் முன்னால் வங்கிக் கட்டடங்கள். கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. நாகூரிலிருந்து வந்த ஒரு பெரியவரை அங்கே கூட்டிப் போனபோது, பச்சையும் வெள்ளையுமான அந்தச் சின்ன மினாரைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இந்த நகரத்தைக் கட்டியவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் எங்கே, எப்படி என்று இடத்தைக் காட்டிச் சொல்வதில்லை. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை போட்டார். மாரியம்மன் கோயிலுக்கு அடி போட்டவர் அவர். 1825 முதல் இந்தியக் கைதிகள் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். 1873 வரை அவர்கள்தான் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவை எழுப்பினார்கள். சிட்டி ஹால் நிலையத்துக்கு மேலே வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1850களிலும் 1860களின் தொடக்கத்திலும் கட்டியதும் அவர்களே. அதன் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கரும்புச் சர்க்கரை மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பதமாக்கிப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவேலை உடனே பிடிபடும். என் மாமியார் காரைக்குடிக்காரர். அந்தச் சுவரில் கை வைத்ததும், "இது நம்ம கொத்தனார் வேலைல்ல" என்றார். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தேக்காவைக் காட்டாத தமிழர் யார்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். பூமாலைக் கடைகளும் தோரண விளக்குகளுமாக இன்று நாம் காட்டும் லிட்டில் இந்தியா, வேலைத்தலமாகப் பிறந்த இடம். செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் மாட்டுத் தொழுவமுமாக இருந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களில் அந்த மாடுகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து ஃபேரர் பார்க்கில் 1840களிலிருந்து குதிரைப் பந்தயம். அந்தப் பந்தயத் திடலிலிருந்துதான் 1911 மார்ச் 16 அன்று ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார். 1942 பிப்ரவரி 17 அன்று சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும், இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்து விழுந்ததும் அங்கேதான். சுற்றுப்பயணிகளுக்கு அந்தத் திடலில் நிறுத்தமே கிடையாது. மாட்டுத் தொழிலும் சூளையும் போய், 1989இல் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவித்த பிறகே நாம் அறிந்த வண்ண லிட்டில் இந்தியா உருவானது.

என் தங்கை டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது சிஎன் கோபுரமும் நயாகராவும் முடித்து, மூன்றாம் நாள் ஏரிக்குள் ஐந்து கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துக்குக் கூட்டிப் போனாள். லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் என்று பெயர். 1950களின் கடைசியிலிருந்து அந்த நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லையும் கம்பியையும் ஒன்டாரியோ ஏரியில் கொட்டிக் கொட்டி உண்டான நிலம். இப்போது ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. கரையில் பழைய செங்கற்கள் அலையில் உருண்டு கூழாங்கல்லாகிக் கிடக்கின்றன. டொராண்டோவில் நான் பார்த்தவற்றில் மனத்தில் நின்றது அதுதான். ஒரு நகரம் தன்னை எப்படி உண்டாக்கிக்கொண்டது என்பதை அங்கே கண்ணால் பார்க்க முடிந்தது. நம்மிடமும் அப்படியோர் இடம் இருக்கிறது, அதற்கு நுழைவுச்சீட்டுகூட வேண்டாம்.

பிடோக்கில் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தின் பிந்திய கட்டங்களில் உருவானதுதான் மரீனா சவுத். மரீனா பே சாண்ட்ஸும் கரையோரப் பூந்தோட்டமும் நிற்கும் தரை அது. ஊரிலிருந்து வருகிறவர்கள் 57ஆம் மாடியில் ஏறி நின்று வியக்கிறார்கள். வியக்கட்டும். காலடியில் இருந்தது கடல் என்று தெரிந்து வியந்தால் அந்த வியப்புக்கு இன்னும் பொருள் உண்டு.

அதனால், அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் முதல் நாளை எங்கள் பக்கத்துக்குக் கொடுங்கள். காலையில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடங்கள். மதியம் பிடோக் கார்னரில் சாப்பிட்டு, செங் திங் என்ற இனிப்புப் பானம் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, பழைய கரையிலிருந்து புதிய கரை வரை நடத்திக் கூட்டிப் போங்கள். வழியில் வரும் ஒவ்வோர் அடியும் ஒரு காலத்தில் தண்ணீர் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடலோரத்தில் பிடோக் படகுத்துறை 250 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகிறது. ஒரு வணிகர் பழைய இரும்பு இறக்குவதற்காக 1966இல் கட்டியது. இன்று தூண்டில்காரர்களின் இடம். மலாய்ப் பெரியவர்களும் சீனப் பெரியவர்களும் பங்களாதேஷ் தொழிலாளர்களும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். யார் வாளியை எட்டிப் பார்த்தாலும் என்ன மீன் என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களில் வயதானவர்களிடம் பழைய கெலோங் எங்கே இருந்தது என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டும்போது அது கரைப் பக்கம் திரும்பும்.

மறுநாள் பிடோக் நார்த்தில் டௌன்டௌன் ரயில் ஏறுங்கள். 2017 அக்டோபரில் இந்தப் பாதை எங்கள் பக்கம் வந்தது. மாறி ஏற வேண்டியதில்லை. தெலுக் ஆயர், பேஃபிரண்ட், லிட்டில் இந்தியா, பொட்டானிக் பூங்கா எல்லாம் அதே தடத்தில் அந்த வரிசையிலேயே வருகின்றன.